குவார்க்கைத் தனியே எடுக்க முடியாதா? கம்ப்யூட்டர் சொன்ன பதில்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கடிதம் டைப் செய்கிறோம். போட்டோ பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், இண்டர்நெட்டில் உலா வருகிறோம். இவற்றுக்கு நடுவில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். கம்ப்யூட்டர் அடிப்படையில் ஒரு கணக்குப் போடும் இயந்திரம். மனிதன் பேப்பரில் போட்டால் ஆயுள் முழுவதும் போதாத கணக்குகளைப் போடுவதற்காகவே அது பிறந்தது. அப்படி ஒரு கணக்கைப் பற்றித்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

சங்கரன்கோவில் பக்கம் பனவடலிசத்திரத்தில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்து வருகிறேன். மாலையில் பிளஸ் டூ மாணவர்கள் வருவார்கள். எல்லாக் கேள்வியும் கம்ப்யூட்டர் பற்றியே இருக்கும் என்று சொல்ல முடியாது. "சார், அணுவைப் பிளக்கிறார்கள். அதற்குள் இருக்கும் புரோட்டானையும் தனியாக எடுக்கிறார்கள். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்கை மட்டும் ஏன் சார் எடுக்க முடியவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. இதற்குக் கிடைத்த தெளிவான பதில்களில் ஒன்று சென்னை தரமணியில், நம் வீட்டு கம்ப்யூட்டரின் நெருங்கிய உறவினர்களான 144 கம்ப்யூட்டர்களில் போட்ட கணக்கிலிருந்து வந்தது. படிப்படியாகப் பார்ப்போம்.

அணுவுக்குள் என்ன இருக்கிறது?

பள்ளிப் பாடம்தான். அணுவின் நடுவில் கரு. கருவில் புரோட்டான், நியூட்ரான். சுற்றிலும் எலக்ட்ரான். இதில் எலக்ட்ரானைத் தனியே எடுப்பது மிக எளிது. பழைய டப்பா மானிட்டரில் திரையை ஒளிர வைத்ததே பின்னாலிருந்து பாய்ந்து வந்த எலக்ட்ரான்கள்தான்.

புரோட்டானும் நியூட்ரானும் இன்னும் சிறிய துகள்களால் ஆனவை என்று 1964ஆம் ஆண்டு முர்ரே ஜெல்மான், ஜார்ஜ் ஸ்வெய்க் ஆகிய இருவரும் தனித்தனியே கூறினர். ஜெல்மான் வைத்த பெயர்தான் குவார்க். ஒரு புரோட்டானில் மூன்று குவார்க்குகள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு முடுக்கியில் 1968ஆம் ஆண்டு முதல் எலக்ட்ரான்களைப் புரோட்டான் மீது வேகமாக மோதவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே சிறிய கடினமான புள்ளிகளில் பட்டதுபோல் எலக்ட்ரான்கள் தெறித்துத் திரும்பின. உள்ளே ஏதோ இருப்பது உறுதியானது.

ஆனால் எவ்வளவு வேகமாக மோதினாலும் ஒரு குவார்க் கூடத் தனியாக வெளியே வரவில்லை. குவார்க்கை அடையாளம் காண்பது கடினமும் அல்ல. அதன் மின்சுமை எலக்ட்ரானின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது மூன்றில் இரண்டு பங்கு. இப்படிப் பின்ன அளவில் சுமை உள்ள துகள் ஒன்று வெளியே வந்தால் கருவிகள் உடனே காட்டிக் கொடுத்துவிடும். அரை நூற்றாண்டுக்கு மேல் தேடியும் அப்படி ஒன்று சிக்கவில்லை. குவார்க்குகள் ஆயுள் கைதிகள். அவற்றின் சிறைக்காவலர்தான் குளுவான்.

மானிட்டரில் இருக்கும் மூன்று நிறங்கள்

உங்கள் மானிட்டரை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு கோடுகள் இருக்கும். மூன்றும் முழு அளவில் ஒளிர்ந்தால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்.

குவார்க்குகளுக்கும் இதே பெயரில் மூன்று வகைச் சுமைகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம். இவை கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அல்ல. மின்சாரத்தில் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தது போல, இங்கு மூன்று வகை இருப்பதால் மூன்று நிறங்களின் பெயரை வைத்தார்கள். புரோட்டானில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு நீலம் சேர்ந்து மொத்தத்தில் வெள்ளை. இன்னொரு கூட்டணியும் உண்டு. ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேரும். ஒன்று சிவப்பு என்றால் மற்றது எதிர்ச்சிவப்பு. இதிலும் நிறம் அடிபட்டுப் போய்விடும். இதற்கு மேசான் என்று பெயர்.

இயற்கை வைத்திருக்கும் சட்டம் இதுதான்: வெள்ளையாக இருப்பது மட்டுமே வெளியே நடமாடலாம். நிறம் உள்ள எதுவும் தனியே வெளியே வர முடியாது. ஏன் இந்தச் சட்டம்? அதற்கு குளுவானின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளுவான் செய்யும் வேலை

'குளு' என்றால் பசை. குவார்க்குகளை ஒட்டி வைப்பதால் இந்தப் பெயர். மின்சுமைகளுக்கு இடையே விசையைச் சுமந்து செல்வது ஒளித்துகளான போட்டான். அதே போல நிறச்சுமைகளுக்கு இடையே விசையைச் சுமப்பது குளுவான். 1979ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள டெசி ஆய்வுக்கூடத்தில் குளுவானுக்கு நேரடிச் சான்று கிடைத்தது.

போட்டானுக்கும் குளுவானுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இந்தக் கட்டுரையின் உயிர்நாடியே இதுதான். போட்டானுக்கு மின்சுமை கிடையாது. குளுவானுக்கோ நிறச்சுமை உண்டு.

இதனால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? இருட்டில் இரண்டு டார்ச் லைட்டை ஒன்றின் ஒளி மற்றொன்றைக் குறுக்கே வெட்டுமாறு அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்து போகும். போட்டான்களுக்குள் நேரடி இழுபறி இல்லை. குளுவான்களால் டார்ச் லைட் செய்ய முடிந்தால் அவை அப்படிக் கடந்து போகாது. ஒன்றையொன்று பிடித்து இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் ஒவ்வொரு குளுவானும் ஒரு நிறத்தையும் ஓர் எதிர்நிறத்தையும் சுமந்து செல்கிறது. மூன்று நிறம், மூன்று எதிர்நிறம் என்று பெருக்கினால் ஒன்பது வரும். அதில் முற்றிலும் வெள்ளையான ஒரு கலவை விலகிவிட, மீதி 8 வகை குளுவான்கள்.

இழுத்தால் என்ன ஆகும்?

ஒரு பிளஸ் மின்சுமையையும் ஒரு மைனஸ் மின்சுமையையும் அருகருகே வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து புறப்படும் விசைக்கோடுகள் எல்லாத் திசையிலும் பரவும். பரவப் பரவ வலு குறையும். தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். எனவே போதுமான ஆற்றல் கொடுத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

குவார்க்குகளுக்கு இடையே உள்ள கோடுகள் குளுவான்களால் ஆனவை. அவை பரவ நினைத்தாலும் ஒன்றையொன்று இழுப்பதால் பரவ முடியாது. எல்லாம் ஒரு கட்டாகச் சேர்ந்து, இரண்டு குவார்க்குகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் போல ஆகிவிடும். குழாயை நீட்டினால் அது மெலிவதில்லை. அதே பருமனில் நீளம் மட்டும் கூடுகிறது. எனவே எவ்வளவு தூரம் இழுத்தாலும் எதிர்த்து இழுக்கும் விசை குறைவதே இல்லை.

அந்த விசை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 15 டன் எடைக்குச் சமம். சரக்கு ஏற்றிய ஒரு லாரியைத் தூக்கிப் பிடிக்கும் விசை, ஒரு புரோட்டானைவிடச் சிறிய இரண்டு துகள்களுக்கு நடுவே!

வேடிக்கை என்னவென்றால், மிக அருகில் இருக்கும்போது குவார்க்குகள் கிட்டத்தட்ட சுதந்திரமாக இருக்கின்றன. எங்கள் பக்கம் ஆட்டை முளையில் கட்டிப் போட்டிருப்பார்கள். கயிறு தளர்வாக இருக்கும் வரை ஆடு இஷ்டம் போல் மேயும். கயிறு இறுகும் தூரத்துக்குப் போனால்தான் கட்டியிருப்பது அதற்குத் தெரியும். குவார்க்கின் நிலையும் அதுவே. அருகில் போகப் போக இந்த விசை வலு குறையும் என்று 1973ஆம் ஆண்டு டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் ஆகியோர் கணக்கிட்டுக் காட்டினர். இதற்காக 2004ஆம் ஆண்டு மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, லாரி பலத்தோடு இன்னும் இழுத்துக்கொண்டே போனால்? குழாயில் ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். ஆற்றலும் நிறையும் ஒன்றே என்பது ஐன்ஸ்டீன் விதி. ஒரு கட்டத்தில் குழாயில் சேர்ந்த ஆற்றல், புதிதாக ஒரு குவார்க்கையும் ஒரு எதிர்க்குவார்க்கையும் உண்டாக்கப் போதுமானதாகிவிடும். உடனே குழாய் அறும். அறுந்த இரண்டு முனைகளிலும் புதிய துகள் ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கும். ஒரு குவார்க்கை வெளியே எடுக்கப் போனவருக்குக் கிடைப்பது இரண்டு மேசான்கள்.

காந்தத்தை நினைத்துப் பாருங்கள். வடதுருவத்தை மட்டும் தனியே எடுக்கலாம் என்று ஒரு சட்டக்காந்தத்தை இரண்டாக உடைத்தால், இரண்டு துண்டிலும் வடக்கும் தெற்கும் வந்துவிடும். காரணம் வேறு என்றாலும் ஏமாற்றம் ஒன்றுதான்.

பேப்பரில் போட முடியாத கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் கதை போல இருக்கிறது. இது உண்மைதானா என்று எப்படித் தெரியும்? குளுவான்களுக்கான சமன்பாடு 1973ஆம் ஆண்டு முதலே கையில் இருக்கிறது. அதைத் தீர்த்துப் பார்த்தால் குழாய் வருகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் தீர்க்க முடியவில்லை.

மின்காந்தக் கணக்கில் முதலில் பெரிய பங்கைப் போட்டுவிட்டு, அதன் பிறகு சிறு திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு திருத்தமும் முந்தையதைவிடச் சிறியது. குளுவான் கணக்கில், குவார்க்குகள் விலகி இருக்கும்போது திருத்தங்கள் சிறிதாவதே இல்லை. குளுவான் குளுவானை இழுக்கிறது. அதனால் புதிய குளுவான் பிறக்கிறது. அதுவும் மற்றவற்றை இழுக்கிறது. முடிவில்லாத தொடர்கதை.

1974ஆம் ஆண்டு கென்னத் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். இடத்தையும் நேரத்தையும் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். இதற்கு லாட்டிஸ் முறை என்று பெயர்.

துணி நெய்வது போல

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர் என்பதால் எங்கள் பகுதியில் இதைப் புரியவைப்பது சுலபம். துணியில் பாவு நூலும் ஊடு நூலும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. அவை வெட்டிக்கொள்ளும் இடங்கள் புள்ளிகள். லாட்டிஸ் முறையில் குவார்க்குகள் புள்ளிகளில் உட்காரும். குளுவான்கள் புள்ளிக்குப் புள்ளி போகும் நூலில் இருக்கும். துணியில் இரண்டு திசைகள்தான் உண்டு. இங்கு இடத்துக்கு மூன்று, நேரத்துக்கு ஒன்று என நான்கு திசைகள்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். டிஜிட்டல் கேமரா ஒரு காட்சியைப் பிக்சல்களாகப் பிரிக்கிறது அல்லவா? அதே வேலைதான். பிக்சல் சிறிதாக ஆக, படம் துல்லியமாகும். கூடவே பைலின் அளவும் பெரிதாகும்.

எவ்வளவு பெரிதாகும் என்று நாமே கணக்கிடலாம். ஒவ்வொரு திசையிலும் 32 புள்ளிகள் வைத்துக்கொள்வோம்.

1. மொத்தப் புள்ளிகள்: 32ஐ நான்கு முறை பெருக்கினால் 10,48,576.

2. ஒரு புள்ளிக்கு நான்கு நூல்கள் வீதம், மொத்தம் 41,94,304 நூல்கள்.

3. ஒவ்வொரு நூலிலும் குளுவானைக் குறிக்க மூன்றுக்கு மூன்று என்ற அளவில் ஒரு எண் கட்டம் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள். ஆக ஒரு நூலுக்கு 18 எண்கள்.

4. மொத்த எண்கள்: 7,54,97,472. ஒரு எண்ணுக்கு 8 பைட் என்றால் சரியாக 576 மெகாபைட்.

ஒரு சி.டி.யில் அடங்கிவிடும் அளவுதான். இதை வைத்துக்கொள்ள உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் ராம் போதும். ஆனால் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் அளவு 16 மடங்காகி 9 கிகாபைட் ஆகிவிடும்.

இன்னும் பெரிய சிக்கல், ஒரு படம் போதாது என்பது. குளுவான்கள் ஓயாமல் கொந்தளிப்பவை. அவை இருக்கக்கூடிய நிலைகள் எண்ணி முடியாதவை. எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, சரியான விதிப்படி மாதிரிகளைப் பொறுக்கி எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் ராண்டம் எண்களை உருவாக்கி, ஒவ்வொரு நூலிலும் உள்ள எண்களைச் சிறிது மாற்றிப் பார்க்கும். மாற்றம் இயற்பியல் விதிக்குப் பொருந்தும் அளவைப் பொறுத்து ஏற்கும் அல்லது தள்ளும். எல்லா நூல்களையும் ஒரு சுற்று முடித்து, மீண்டும் முதலிலிருந்து. இப்படி ஆயிரக்கணக்கான சுற்றுகள். சூதாட்டத்துக்குப் பெயர் போன ஊரின் பெயரால் இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர்.

தரமணியில் ஒரு 'கப்ரு'

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 1962ஆம் ஆண்டு அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. மேட்சயின்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இங்கு லாட்டிஸ் கணக்குக்காக என்.டி. ஹரி தாஸ் முன்னின்று ஒரு கம்ப்யூட்டர் தொகுதியை உருவாக்கினார். அதற்கு இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். கப்ரு.

கப்ரு என்பது ஒரே ஒரு பிரம்மாண்ட இயந்திரம் அல்ல. 144 கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்த ஒரு கூட்டம். இதைத்தான் கிளஸ்டர் என்கிறார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இரண்டு இன்டெல் ஜியான் பிராசசர்கள். மொத்தம் 288. இது பென்டியம் 4 குடும்பத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டம், யாரும் இலவசமாகப் பெறக்கூடிய லினக்ஸ். கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே உருவாக்கிய இந்தத் தொகுதி 2004ஆம் ஆண்டு உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் இடம் பெற்றது. வேகம் ஏறக்குறைய ஒரு டெராபிளாப். அதாவது வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள். இன்று கேம் விளையாடுபவர்கள் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு, துல்லியம் குறைந்த கணக்குகளில் இந்த வேகத்தைத் தாண்டிவிடுகிறது. அன்று இந்தியக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு அது பெரிய சாதனை.

144 கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கை எப்படிப் போடுகின்றன? பெரிய வயலைப் பாத்தி பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பது போலத்தான். லாட்டிஸைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு துண்டு. உள்ளே இருக்கும் நூல்களை அது தானே பார்த்துக்கொள்ளும். ஓரத்தில் உள்ள நூல்களுக்கு மட்டும் பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். கேட்கும் நேரம் அதிகமானால் பிராசசர் சும்மா காத்திருக்கும். எனவே கிளஸ்டரில் பிராசசரின் வேகம் எவ்வளவு முக்கியமோ, நெட்வொர்க்கின் வேகமும் அவ்வளவு முக்கியம். கப்ருவில் கம்ப்யூட்டர்களை முப்பரிமாண வலை போல, அக்கம்பக்கம் நேரடியாகப் பேசுமாறு இணைத்திருந்தார்கள்.

கப்ரு என்ன கண்டது?

ஹரி தாஸும் புஷன் மஜும்தாரும் கப்ருவில் போட்ட கணக்கின் முடிவை 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். அசையாத ஒரு குவார்க்கையும் ஒரு எதிர்க்குவார்க்கையும் வைத்து, நடுவில் குளுவான்களை மட்டும் விட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றலை மிகத் துல்லியமாக அளந்தார்கள். தூரம் 0.3 பெர்மி முதல் 1.2 பெர்மி வரை. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு பெர்மி. புரோட்டானின் குறுக்களவு ஏறக்குறைய 1.7 பெர்மி.

தூரம் கூடக் கூட, அளக்க வேண்டிய சிக்னல் மிக வேகமாகத் தேய்ந்து இரைச்சலில் மறைந்துவிடும். இதைச் சமாளிக்க மார்ட்டின் லூஷர், பீட்டர் வைஸ் ஆகியோர் 2001ஆம் ஆண்டு கண்டுபிடித்த ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். லாட்டிஸைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் தனியே சராசரி எடுத்து, அதன் பிறகு ஒன்றாகப் பெருக்கும் முறை இது. நல்ல ஹார்டுவேர் மட்டும் போதாது, புத்திசாலித்தனமான புரோகிராமும் வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முடிவு? தூரம் கூடினால் ஆற்றலும் சீராகக் கூடிக்கொண்டே போகிறது என்று முந்தைய கணக்குகள் காட்டியிருந்தன. கப்ருவின் கணக்கு அதற்கும் மேலே சென்றது. அந்தக் குழாய் சும்மா கிடக்கவில்லை. இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி போல அதிர்கிறது. அந்த அதிர்வு ஆற்றலில் விட்டுச் செல்லும் சிறிய தடயம், நம்பு-கோட்டோ தந்தி எனப்படும் கணித மாதிரியோடு நன்றாகப் பொருந்தியது. குழாய் என்பது வெறும் கதை அல்ல, சமன்பாட்டிலிருந்தே அது பிறக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

குழாய் அறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் புதிய குவார்க்குகள் பிறக்கவும் கணக்கில் இடம் கொடுக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த ஒரு லாட்டிஸ் கணக்கில், ஏறக்குறைய 1.25 பெர்மி தூரத்தில் குழாய் அறுவதைக் கண்டார்கள்.

நீங்களே செய்து பார்க்கலாம்

இவ்வளவு படித்துவிட்டு நம் கம்ப்யூட்டரில் ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா? எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள்.

1. முதல் நெட்டு வரிசையில் 0.1, 0.2, 0.3 என 1.5 வரை டைப் செய்திடுங்கள். இது பெர்மி அளவில் தூரம். முதல் இரண்டு எண்களை மட்டும் கொடுத்து, இரண்டு செல்களையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தைப் பிடித்து இழுத்தால் மற்றவை தானே நிரம்பும்.

2. இரண்டாவது நெட்டு வரிசையில் 0.06ஐத் தூரத்தால் வகுத்து, முன்னால் மைனஸ் போடும் பார்முலாவைக் கொடுங்கள். இது மின்விசை போலப் பரவித் தேயும் விசைக்கான ஆற்றல்.

3. மூன்றாவது நெட்டு வரிசையில், தூரத்தை 0.9 ஆல் பெருக்கி, அதனுடன் இரண்டாவது வரிசை எண்ணைக் கூட்டுங்கள். இது குவார்க்குகளுக்கான ஆற்றல். அளவு கிகா எலக்ட்ரான் வோல்ட். கிகாபைட்டில் வரும் அதே கிகாதான்.

4. மூன்று வரிசைகளையும் தேர்வு செய்து, ஸ்கேட்டர் வகை சார்ட் ஒன்றை உருவாக்குங்கள்.

இப்போது திரையைப் பாருங்கள். முதல் கோடு வேகமாக ஏறி, பின் பூஜ்ஜியத்தை ஒட்டிப் படுத்துவிடும். 1 பெர்மி தூரத்தில் அதன் மதிப்பு -0.06. அங்கிருந்து தப்பித்துப் போக அதிக ஆற்றல் வேண்டாம். இரண்டாவது கோடு படுக்கவே படுக்காது. 0.1 பெர்மியில் -0.51 ஆக இருந்தது, 1 பெர்மியில் 0.84 ஆகிவிடும். அதன் பின்னும் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்றம்தான் குவார்க்கின் சிறைச்சுவர். இயற்கையில் 1.25 பெர்மி அருகே குழாய் அறுந்துவிடுவதால் கோடு அங்கே நின்றுவிடும். சுவர் முடிந்தது என்று குவார்க் மகிழ முடியாது. அதற்குள் புதிய துணை பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழியிலும் நம் கம்ப்யூட்டர் இந்த ஆராய்ச்சியில் சேரலாம். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி மையம் தனது 50ஆம் ஆண்டையொட்டி 2004ஆம் ஆண்டு எல்.எச்.சி. அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாம் பயன்படுத்தாத நேரத்தில் நம் கம்ப்யூட்டர் அவர்களுக்காகக் கணக்குப் போடும். மோதலின் பின் குழாய்கள் அறுந்து துகள்கள் எப்படிப் பிறக்கின்றன என்று கணக்கிடும் பகுதி 2011ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சேர விரும்புகிறவர்கள் செர்ன் அமைப்பின் இணையதளத்திலிருந்து மட்டும் சாப்ட்வேரை எடுங்கள். இப்போது எந்தப் பணி நடக்கிறது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிராசசர் முழு வேகத்தில் ஓடுவதால் கம்ப்யூட்டர் சூடாகும், கரண்ட் பில்லும் கூடும். கேபினெட் உள்ளே தூசி படிந்திருந்தால் முதலில் சுத்தம் செய்திடுங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்வது நல்லது.

இதனால் நமக்கு என்ன?

உங்கள் எடை எவ்வளவு? அந்த எடையில் ஏறக்குறைய முழுவதும் புரோட்டான், நியூட்ரான்களின் எடைதான். புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் 9 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுதான் வரும். நூற்றில் ஒரு பங்கு! மீதி 99 பங்கு, சிறைக்குள் ஓடித் திரியும் குவார்க்குகளின் ஆற்றலும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றலும். 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய விஞ்ஞானிகள் குழு ஒன்று லாட்டிஸ் முறையில் புரோட்டான் உள்ளிட்ட துகள்களின் நிறையைச் சில சதவீத வித்தியாசத்துக்குள் கணக்கிட்டுக் காட்டியது. தராசில் ஏறி நிற்கும்போது முள் காட்டுவது பெரும்பாலும் இந்தச் சிறைச்சாலையின் எடையைத்தான்.

சிறை என்றைக்குமே திறக்காதா? ஏறக்குறைய 2 லட்சம் கோடி டிகிரிக்குச் சூடாக்கினால் புரோட்டான்கள் உருகி, குவார்க்குகளும் குளுவான்களும் கலந்த குழம்பாகிவிடும். பிரபஞ்சம் பிறந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. இந்த வெப்பநிலையைப் பற்றி மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் சௌரேந்து குப்தா உள்ளிட்டோர், லாட்டிஸ் கணக்கையும் அமெரிக்க முடுக்கி ஒன்றின் பரிசோதனை முடிவுகளையும் ஒப்பிட்டு 2011ஆம் ஆண்டு எழுதினர். அந்தக் குழம்பிலும் ஒரு குவார்க் தனியாக வெளியேறி வருவதில்லை. ஆறியதும் எல்லாம் மறுபடி உள்ளேதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் காட்டியது வலுவான சான்று. அது கணித நிரூபணம் அல்ல. குளுவான் சமன்பாட்டிலிருந்து இதற்கு அடிப்படையான ஒரு முடிவைப் பேப்பரில் கறாராக நிரூபிப்பவருக்கு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தப் பரிசை இன்னும் யாரும் வாங்கவில்லை. ஏன் இப்படி என்று பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறார். அவர் எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

நினைவில் வைக்க

குவார்க்: புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள்.

குளுவான்: குவார்க்குகளுக்கு இடையே விசையைச் சுமக்கும் துகள். தானும் நிறச்சுமை உடையது. 8 வகை உண்டு.

மேசான்: ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜோடி.

லாட்டிஸ்: இடத்தையும் நேரத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் முறை.

கிளஸ்டர்: பல கம்ப்யூட்டர்களை இணைத்து ஒரே கணக்கைப் போட வைக்கும் தொகுதி.

டெராபிளாப்: வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள் போடும் வேகம்.